பாதி கடித்த பிஸ்கட்

அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு போன அக்காவுக்கு,

நீ போனதிலிருந்து நம்ம நாய் பட்டினி. நீ செய்கிற மாதிரியே பூசணியும் ஓட்ஸும் பிசைந்து மூன்று தடவை பிஸ்கட் சுட்டேன். துரை மோந்து பார்த்துவிட்டு, பரீட்சைத் தாள் திருத்துகிறவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எனக்கு வெறுத்தே போய்விட்டது.

நேற்று அப்பா சமையலறைக்கு வந்தார். உன் பேச்சையே எடுக்கக் கூடாது என்று எங்களை மிரட்டி வைத்திருக்கும் அதே அப்பா.

“மண்டு, அவ பாதியைக் கடிச்சுட்டுத்தாண்டி மீதியைக் குடுப்பா.”

ஒன்றைக் கடித்து மென்றுவிட்டு, மீதியை நீட்டினார். நாய் தின்றது. உப்பு சப்பில்லாத அந்தக் கண்றாவியை, முகம் சுளிக்காமல், தட்டு காலியாகும்வரை இரண்டு பேரும் பங்கு போட்டார்கள்.

உன்னை வரச் சொன்னாரா என்று கேட்காதே, சொல்லவில்லை. ஆனால் பல் ஆடுகிற மனுஷன் எத்தனை நாள் கடிப்பார்? வந்து தொலை.

இப்படிக்கு,
கடி ஜோக்கோடு நிறுத்திக்கொள்ளும் தங்கை