இனிஷியல் இல்லாத கருணாகரன்

நாள் 212, 07:10
நிலவின் மறுபக்கம், மூன்றாம் அஞ்சல் நிலையம். எழுதுவது பொறியாளர் ரா. தமயந்தி. முதன்மை சர்வர் 05:40க்குப் படுத்துவிட்டது. மாற்று சர்வர் பொறுப்பேற்றது. பூமிக்கும் தலைமைத் தளத்துக்கும் இடையே போகும் எல்லா மின்னஞ்சலும் என் வழியாகத்தான். நிலையத்தின் குரல் இணைப்பு போன வாரமே செத்தது. காற்று வடிகட்டி 38 சதவீதம். ஆள்: நான் ஒருத்தி. கூட வேலை பார்த்த சீலன் அண்ணனின் படுக்கையை இன்னும் மடிக்கவில்லை.

07:55
மாற்று சர்வரில் பழைய தேக்கம். நான்கு கடிதங்கள், நான்கும் என்னுடையவை. "வடிகட்டி அடைத்துக்கொண்டது, புதியது அனுப்புங்கள்." ஐந்து வாரத்துக்கு முன் எழுதியவை.

ஒன்பது நாளைக்கு முன் சீலன் அண்ணன் மூச்சுத் திணறிச் செத்தார். அப்போது தளத் தலைவர் எழுதினார்: "அப்படி எந்தக் கடிதமும் எனக்கு வரலம்மா." எப்படி வரும்? என் கடிதங்களை மாற்று சர்வரில் நிறுத்தி வை என்று விதி போட்டதே அந்தாள்தான். போட்டவர்: மூ. கருணாகரன். குறிப்பு: "இந்தம்மா தொணதொணப்பு தாங்கல."

பாவி. நாசமாய்ப் போக.

09:20
முதன்மை சர்வரை எழுப்பிவிட்டேன். பூமியிலிருந்து இரண்டு செய்தி. ஒன்று: "சீலன் சாவுக்குத் தலைவர் 17:00க்குள்ள விளக்கம் அனுப்பணும். அனுப்பலைன்னா குற்றத்த ஒத்துக்கிட்டதா எடுத்துக்குவோம்." இன்னொன்று: "மீட்புக் கலம் கிளம்பிடுச்சு. ஓட்டுறவரே உங்களுக்கு எழுதுவாரு. நீங்க பதில் போட்டாத்தான் இறங்குவாரு. 16:00 வரைக்கும்தான் எரிபொருள்."

09:45
விதி எழுதினேன். அனுப்புநர் 'கருணாகரன்' என்றால் முதன்மை மாற்றுக்குத் தள்ளும், மாற்று முதன்மைக்குத் தள்ளும். ஒவ்வொரு தள்ளலுக்கும் பதினைந்து நிமிடக் காத்திருப்பு. இருபத்தைந்து தடவை தள்ளினால் மென்பொருள் கைவிட்டு என் மேசையில் போடும். அதற்குள் 17:00 நெருங்கிவிடும்.

இனிஷியல் போடவில்லை. அந்தாளுக்கு இனிஷியல் ஒரு கேடா? பெயர் போதும்.

10:06
சுற்றில் ஒரு கடிதம். வந்தாயா, வா.

12:40
சுற்றில் நான்கு. துடிக்கிறார். நானும் நான்குதான் எழுதினேன் ஐயா, நினைவிருக்கிறதா? திறந்து பார்க்கவில்லை. அந்தப் புலம்பலை நான் எதற்குப் படிக்க வேண்டும்?

வடிகட்டி 21.

15:15
சுற்றில் ஒன்பது. சிரித்தால் இருமல் வருகிறது. மீட்புக் கலத்திடமிருந்துதான் ஒன்றும் காணோம். பூமியைக் கேட்டேன். "எழுதுவாரு, பொறுங்க" என்றார்கள். வடிகட்டி 12.

16:02
ஒருவரும் எழுதவில்லை. தலை சுற்றுகிறது. எங்கே போய்த் தொலைந்தான் அந்த ஓட்டுநர்?

16:21
முதல் கடிதம் மேசைக்கு விழுந்தது. தலைவருடையது. "மூன்றாம் நிலையத்திலிருந்து எனக்குக் கடிதம் ஏதும் வரவில்லை." இப்போதும் பொய். அண்ணா, பார்த்தீர்களா, இந்தப் பொய் போய்ச் சேரவில்லை.

16:47
இரண்டாவது விழுந்தது.

"அக்கா, நான் பி. கருணாகரன், மீட்புக் கலம். நிலையத்துக்கு மேலதான் சுத்துறேன். இறங்குதள விளக்கப் போட்டுட்டு ஒரு வரி பதில் போடுங்க."

பி.

ஐயோ.

16:52
மிச்சத்தைக் கையால் திறந்தேன். அத்தனையும் அந்தப் பிள்ளையுடையது. "அக்கா, இருக்கீங்களா?" "வெறும் புள்ளி வச்சாலும் போதும்கா." கடைசி, 16:00: "பதில் இல்ல. யாரும் உயிரோட இல்லன்னு தளத்துக்கு ரேடியோல சொல்லிட்டுத் திரும்புறேன். மன்னிச்சிருங்கக்கா."

தலைவர் எழுதியது அந்த ஒன்றே ஒன்றுதான்.

விதியை அழித்தேன். பூமிக்கு எழுதினேன்: உயிரோடு இருக்கிறேன், திருப்பி அனுப்புங்கள். விதி போனதால் தளத்திலிருந்து ஒரு கடிதம் என்னைத் தாண்டிப் பூமிக்குப் போனது. தலைவர் இப்போதுதான் எழுதியிருக்கிறார். நிறுத்த நேரமில்லை. படிக்கவும் நேரமில்லை.

17:04
என் கடிதம் பூமியிலிருந்து திரும்பி வந்துவிட்டது. மறுபடி அனுப்பினேன். திரும்பி வந்தது. வடிகட்டி 4. மூன்றாவது தடவைதான் காரணத்தை முழுதாகப் படித்தேன்.

"அனுப்புநர் இறந்துவிட்டார். இந்தப் பெயரில் வருபவை தானியங்கிக் கடிதங்கள். நிறுத்தித் திருப்பி அனுப்பவும். உத்தரவு: மூ. கருணாகரன்."

பெயர்: ரா. தமயந்தி.

இனிஷியலை மறக்காமல் போட்டிருக்கிறா