நூலா வரும் விடியல்கள்

பிப்ரவரி 3, ஞாயிறு

இன்று விடியலில் நூலா வந்தாள். என் மனைவி செத்து இரண்டு வருஷம் ஆகிறது, ஆனாலும் வந்தாள். நான் படுக்கையில் இருந்தேன். உடம்பெல்லாம் வேர்வை, கையில் நடுக்கம், கட்டிலே மெல்ல மிதப்பது போல. கீழே அடுப்படியில் கோப்பைகளை நகர்த்திக்கொண்டு ஏதோ பாடினாள். ஜன்னல் முழுக்கக் கடல் மூடுபனி. இப்படியே இருந்துவிடலாம் என்று தோன்றியது. கை தானாகத் தலைமாட்டு ஆரஞ்சு ஜூஸைத் தேடிவிட்டது, சனியன். குடித்தேன். போய்விட்டாள்.

பிப்ரவரி 7

ரத்தம் எடுக்கும் நாள். எனக்கு உடம்பில் இரும்பு சேருகிற பரம்பரை வியாதி; அதைக் குறைக்கத்தான் அடிக்கடி ரத்தத்தை வடிப்பது. எங்கள் மேயோ வட்டாரத்தில் இது ஒன்றும் அபூர்வமில்லை. அது கல்லீரலைத் தழும்பாக்கி, கணையத்தைக் கெடுத்து, சர்க்கரையையும் கூட்டிவந்தது. முகம்கூடப் பழுப்பாகிவிட்டது. கடைக்கார ஹியூபர்ட், "என்ன ஃபின்டன், ஸ்பெயினுக்குப் போய் வெயில் காய்ஞ்சுட்டு வந்தியா?" என்றான். கல்லீரல் என்றதும், "அட, நீ குடிப்பேன்னே தெரியாதேப்பா" என்கிறான். ஆயுசில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை நான். சொன்னால் எவன் நம்புகிறான்?

நர்ஸ் ஓர்லா ஊசியைக் குத்திவிட்டுச் சொன்னாள்: "மூணு மாச சர்க்கரை சராசரி அருமையா இருக்கு. ஆனா அதை நம்பாதீங்க. ரத்தத்தை எடுத்துக்கிட்டே இருக்கோம்ல, புது ரத்தத்துல அது கம்மியாத்தான் காட்டும்." விடியலில் வேர்க்கிறதா என்று கேட்டாள். எப்போதாவது என்றேன். பொய்தான்.

"கல்லீரல் ஒரு விறகுக் கொட்டகைன்னு வச்சுக்கங்க. சாப்பிட்டதும் சர்க்கரையை அடுக்கி வச்சு, ராத்திரி கொஞ்சம் கொஞ்சமா எடுத்துப் போடணும். உங்க கொட்டகை இடிஞ்சு கிடக்கு. அதான் சாப்பிட்டா சர்க்கரை எகிறுது, விடிஞ்சா காலி; வேர்க்கறதும் அதனாலதான். ராத்திரி இன்சுலினை டாக்டர் குறைக்கச் சொல்லியிருக்கார். படுக்கப் போறப்ப ரெண்டு துண்டு ரொட்டியும் கட்டாயம்."

பிப்ரவரி 8

சொன்னபடி செய்தேன். நல்ல தூக்கம். நூலா வரவில்லை.

பிப்ரவரி 10

வரவில்லை.

பிப்ரவரி 12

நேற்று ரொட்டியைத் தொடவில்லை. பைத்தியக்காரத்தனம்தான், தெரியாமலா இருக்கிறது? ஆனால் வந்தாள்.

மார்ச் 2

அக்கா டிம்ப்னா வந்திருக்கிறாள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்: "என்னடா இது, காத்தடிச்சா பறந்துருவ போலிருக்கே." படுக்கும்போது ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டு வந்தாள். பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 3, ஆஸ்பத்திரி

மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும். இதுவரை சத்தம்தான் கேட்கும். இன்று நூலா மாடிக்கே வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கன்னத்தைத் தட்டிக்கொடுத்தாள், திரும்பத் திரும்ப, மெல்ல மெல்ல. வாயில் தேன் தடவினாள். என் பெயரைப் பாட்டு மாதிரி இழுத்து இழுத்துச் சொன்னாள். முகமெல்லாம் ஈரம் — கடலில் குளித்துவிட்டு நேரே வந்தவள் போல. இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

கண் விழித்தால் ஆம்புலன்ஸ்.

மார்ச் 4

கன்னம் ஏன் இப்படி எரிகிறது என்று அக்காவிடம் கேட்டேன்.

"நான்தான் அறைஞ்சேன், பளார் பளார்னு. கண்ணு திறந்திருக்கு, ஆளு இல்லடா உள்ள. கத்திக் கத்திக் கூப்பிடறேன். தேனை எடுத்து ஈறுல தேய்ச்சேன். நீ பாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டு, 'போயிடாத நூலா'ங்கற."

அந்த ஈர முகம் — அது இவளுடையதா? அழுதது இவளா?

ரொட்டியை ஏன் தொடுவதில்லை என்று சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று பார்த்தேன். அவளோ என் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"எனக்கும் அவளைப் பாக்கணும்னு இருக்குடா. அதுக்கு உன்னையும் குடுக்கணுமா?"

மார்ச் 9

வீடு. ஓர்லா சொன்னபடியே எல்லாம். அவளிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 21

நன்றாக விடிந்தபிறகுதான் எழுந்தேன். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. மாடிப்படியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். பிறகு, ஊருக்குத் திரும்பிவிட்ட அக்காவுக்குப் போன் போட்டேன்.

"எந்திரிச்சுட்டேன்க்கா."

அவள் மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. "சரி. போய்ச் சாப்பிடு" என்றாள்.