ஒன்பது மணி நேரம் இல்லையாம்

என் வாயாடி மகளுக்கு,

உன் கிழட்டு அப்பன் இன்னும் உசுரோடதான் இருக்கேன். ரொம்ப சந்தோஷப்படாதே.

அடுத்த மாசம் அஞ்சாம் தேதி எனக்கு நெஞ்சுல ஆபரேஷன்னதும் நீ வர்றேன்னு குதிச்சே. நான்தான் வேண்டாம்னேன். ஏன் தெரியுமா? போன தடவை நீ வந்த டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். காலைல எட்டு மணிக்கு அங்க பிளேன் ஏறி, அன்னைக்கே சாயங்காலம் அஞ்சு மணிக்கு இங்க எறங்கியிருக்கே. ஒன்பது மணி நேரம்! டாக்டர்கிட்டயும் பீத்திக்கிட்டேன். "ஏதாவது ஆச்சுன்னா ஒரு போன் போடுங்க, என் மக ஒன்பது மணி நேரத்துல வந்து நிப்பா. அதுவரைக்கும் தம் கட்டிக் கிடக்கறேன்"னேன். அவரு சிரிக்கல.

நேத்து டிக்கெட் ஆபீஸ் பொண்ணுகிட்டயும் இதையே அளந்தேன்.

"ஐயோ தாத்தா, ஏறினது அந்த ஊரு மணி, எறங்கினது நம்ம ஊரு மணி. அந்த ஊரு கடிகாரம் நம்மளை விட ஏழரை மணி நேரம் முன்னாடி ஓடுது. பதினோராயிரம் கிலோமீட்டர், மொத்தம் பதினாறரை மணி நேரம்"னா.

"உன் கம்ப்யூட்டர் தூங்குது, தட்டி எழுப்பு"ன்னு கிண்டல் பண்ணிட்டு வெளியே வந்தேன். வாசப்படியிலயே உக்காந்துட்டேன்.

கூட வந்த உங்கம்மா என்னாச்சுன்னு கேட்டா, வெயில்னு சொன்னேன். "மழை பெய்யுது, பொய்யாவது ஒழுங்கா சொல்லுங்க"ன்னா.

பதினாறரை மணி நேரம் என்னால தம் கட்ட முடியாதும்மா.

மூணாம் தேதியே வந்துடு. ஆபரேஷன் ரூம் கதவு வரைக்கும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு வா. யாராவது கேட்டா, அப்பா கூப்பிடல, நானாத்தான் வந்தேன்னு சொல்லணும்.

இப்படிக்கு,
உன் பயந்தாங்கொள்ளி அப்பன்