ஐந்நூறு கிலோமீட்டருக்குப் பிறகு

சல்லபாட்டா
4 மே 1991

ஃபெர்மினுக்கு,

நலம். லாரியை என் தம்பி ரூஃபோ ஓட்டி வருகிறான். ஏற்றத்தில் வெள்ளைப் புகை கக்குகிறது, ரேடியேட்டரில் தண்ணீர் நிற்பதில்லை. இந்தப் பழைய டீசல் எஞ்சினில் கைவைக்கத் தெரிந்தவர் உங்களை விட்டால் இந்தப் பக்கம் யாருமில்லை. அதனால்தான் அனுப்புகிறேன், வேறெதற்கும் இல்லை.

பசிலியா

ஒரூரோ
19 மே 1991

அன்புள்ள பசிலியாவுக்கு,

மூன்று வருஷம் கழித்து உன் கையெழுத்தைப் பார்த்தேன். ‘வேறெதற்கும் இல்லை’ என்ற வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

எஞ்சினின் மேல்பாகமான இரண்டு ஹெட்டையும் இறக்கினேன். பின்னதில் வால்வுகளுக்கு நடுவே விரிசல். கொதிக்கிற எஞ்சினில் யாரோ பச்சைத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். ரூஃபோ தலையைச் சொறிந்தான். “மச்சான், அக்காகிட்ட சொல்லிடாதீங்க, கொன்னே போட்டுடும்” என்றான். சொல்லிவிட்டேன், திட்டாதே. அந்த ஹெட்டுக்குப் பதில் வேறொன்று தேடிப் பிடித்தேன். இரண்டையும் சமப்படுத்தி, வால்வுகளைத் தேய்த்து உட்கார வைத்து, அடியில் கசிவு தடுக்கும் புது கேஸ்கட் தகடு போட்டு, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மூன்று சுற்று முறுக்கினேன். வெள்ளிக்கிழமை வழக்கப்படி சக்கரத்தடியில் சாராயம் ஊற்றிப் பூமித்தாயிடமும் சொல்லியாயிற்று.

புது கேஸ்கட் அமுங்கி போல்ட்டுகள் தளரும், ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் அவற்றை மறுபடி முறுக்க வேண்டும். போன தடவை கேஸ்கட் மாற்றியபோது, “கார்னிவல் திருவிழா முடியட்டும், அப்புறம் முறுக்கிக்கலாம்” என்று சொன்னவன் நான்தான். காய்ச்சலில் கிடந்த நெலியை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, ஆளில்லாத மேட்டுவெளியில் கேஸ்கட் போய் வண்டி நின்றது. நம் பிள்ளைக்கு ஆறு வயது. அந்தப் பாவம் சாகும்வரை என்னோடுதான்.

வழியில் ஏதும் தொல்லை என்றால் உதவும் என்று, முறுக்கும் வரிசையைத் தாளில் வரைந்து, ரெஞ்சோடு ரூஃபோவிடம் கொடுத்திருக்கிறேன். ஆனால் நீயே கொண்டு வா, பசிலியா. என் கையால் முறுக்கித் தருகிறேன். வேர்க்கடலை சூப் வைக்கிறேன். உன் தட்டையும் கழுவி எடுத்து வைத்துவிட்டேன்.

உன் ஃபெர்மின்

சல்லபாட்டா
9 ஜூன் 1991

ஃபெர்மினுக்கு,

லாரி நன்றாக இழுக்கிறது. புகை இல்லை. ரூஃபோவைத் திட்டவில்லை, முதுகில் இரண்டு வைத்தேன்.

ஐந்நூறு கிலோமீட்டர் ஆனதும் உங்களிடம் வரத்தான் கிளம்பினேன். புதுப் பாவாடைகூட உடுத்தியிருந்தேன். வழியில், அன்று வண்டி நின்றுபோன இடத்தில், நெலிக்காக நட்ட சிலுவையருகே நிறுத்தினேன். எஞ்சின் ஆறும்வரை அவளோடு பேசிக்கொண்டிருந்தேன். இங்கேயே முறுக்க வேண்டும் என்று தோன்றியது. மேல்மூடியைக் கழற்றி, உங்கள் தாளைப் பார்த்து நானே ஒவ்வொன்றாக முறுக்கினேன். எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இறுகின.

கடைசி போல்ட் முடிந்ததும் மணி பார்த்தேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, ஃபெர்மின்.

அது ஏதோ பெரிய வேலை, நாள் கணக்கில் இழுக்கும், அதனால்தான் தள்ளிப்போட்டீர்கள் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உங்களை மன்னிக்க என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். ரெஞ்சை ரூஃபோ கொண்டுவந்து தருவான். என் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.

நெலியின் அம்மா