நான் போட்ட ‘போல்’

8 ஜூலை 2025, செவ்வாய்

காலையில் காரை எடுக்க முடியவில்லை. பிளாட் வாசலில் கடை போட்டிருக்கும் சலேஹாவிடம் நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம், வாங்க வந்தவர்களின் மோட்டார் சைக்கிள்கள் மூன்று குறுக்கே நின்றன. கெலுகோரில் இருந்துகொண்டே கெலுகோர் ஆபீசுக்கு இருபது நிமிடம் தாமதம்! அந்த எரிச்சலில், நாற்காலியில் உட்கார்ந்ததும் எங்கள் பிளாட் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ‘போல்’ (poll) போட்டேன். ‘வாசலில் இருக்கும் கடையை எடுக்கச் சொல்லலாமா? ஆமாம் / இல்லை.’ நிர்வாகக் குழுவின் செயலாளர் நான்தானே. முதல் ஆளாக நானே ‘ஆமாம்’ அழுத்தினேன்.

மாலைக்குள் முப்பத்தொரு ஆமாம். ஒன்பது இல்லை.

10 ஜூலை, வியாழன்

தலைவர் மோகனராஜ் அண்ணன் ஃபோன் செய்தார்.

“வோட்டு முடிஞ்சிருச்சு லா, நிரோஷா. மாசக் கடைசிக்குள்ள கடைய எடுக்கணும்னு லெட்டர் அடிச்சு சைன் பண்ணிக் குடுத்திரும்மா.”

“அண்ணே, அது சும்மா போல்தானே. வோட்டு இல்லியே.”

“ரெண்டும் ஒண்ணுதானே லா!”

ரெண்டும் ஒன்றா? தேர்தலுக்கு முன்னால் பத்திரிகைக்காரர்கள் ஆள் ஆளாகக் கேட்பதும் போல். தேர்தலன்று நாம் போய்ப் போடுவதும் போல். தமிழில் ஒன்று கருத்துக்கணிப்பு, மற்றது வாக்கெடுப்பு. குழப்பமே இல்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். நான் கேட்டது கருத்து. அவர் எடுத்துக்கொண்டது முடிவு.

தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்தேன். போல். வாக்கெடுப்பு போல். சரியாகத்தான் இருக்கிறது.

11 ஜூலை, வெள்ளி

கடிதம் அடித்துவிட்டேன். கையெழுத்துப் போடவில்லை.

14 ஜூலை, திங்கள்

குழுவில் சலேஹாவும் இருக்கிறாள். எப்படி மறந்தேன்? அதைவிட, அந்தப் போலைத் தொட்டால் யார் எதை அழுத்தினார்கள் என்று பெயர் பெயராக வரும். முதல் பெயர் என்னுடையது. கடவுளே.

புருஷன் விட்டுப் போய் நான்கு வருடம். இரண்டு பெண் பிள்ளைகளோடு ஏழாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறாள். அந்த மேசையும் இரண்டு அடுப்பும்தான் அவளுக்கு எல்லாம்.

இன்று காலை அவளைத் தாண்டாமல் வெளியே போக வழியில்லை. பொட்டலம் கட்டிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்: “மோட்டார்தான் பிரச்சனைன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா. குறுக்க நிறுத்தாம கயிறு கட்டியிருப்பேன் லா.”

சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை நான்?

16 ஜூலை, புதன்

கூட்டம் போடாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மோகனராஜ் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். “சரி, ஞாயித்துக்கெழமை மீட்டிங். எல்லாரையும் கை தூக்கச் சொல்றேன். முப்பத்தொண்ணும் தூக்கும், பாரு” என்றார்.

தூக்கும். லிஃப்ட், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும். அவர் கண் எதிரில் யார் மாற்றுவார்கள்?

19 ஜூலை, சனி

எங்கள் பிளாட்டின் விதிப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படித்தேன். கை தூக்கி முடிவு செய்யலாமாம். ஆனால் வீட்டுச் சொந்தக்காரர் ஒருவர் ‘போல்’ கேட்டால், சீட்டில் எழுதி, பெயர் இல்லாமல் எண்ண வேண்டுமாம்.

அதே சொல்! இங்கே அதற்கு இன்னொரு வேலை.

என் புருஷன் தேவாவிடம் காட்டினேன். “நீயே ஆமாம்னு அழுத்திட்டு நீயே எந்திரிச்சுப் பேசினா சிரிப்பாங்கம்மா” என்றார். அவர் சொல்வதில் பொய் இல்லை.

20 ஜூலை, ஞாயிறு

எழுந்து நின்றேன். எப்படி நின்றேன் என்று தெரியவில்லை.

“போல் வேணும்ணே.”

“அதான் அன்னிக்கே போட்டியே!” மோகனராஜ் அண்ணன் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். தேவா சொன்ன மாதிரியே.

புத்தகத்தை எடுத்து வாசித்தேன். “அது ஃபோன்ல கேட்டது. இது சீட்டுல எழுதறது. நானும் ஆமாம்னுதான் அழுத்தினேன். கோவத்துல அழுத்தினேன். இன்னொரு தடவை யோசிக்க விடுங்க.”

சிரிப்பு நின்றது. மோகனராஜ் அண்ணன் முகம் சிவந்துபோனது. ஆனாலும் விதியை மீற முடியவில்லை. பழைய நோட்டீசுகளைக் கிழித்துச் சீட்டு, பிஸ்கட் டின் பெட்டி. மூன்றாவது மாடி வள்ளிநாயகி டீச்சர் சத்தமாக எண்ணினார். இருக்கட்டும் இருபத்து மூன்று. எடுக்கட்டும் பதினேழு.

வாடகைக்கு இருப்பதால் சலேஹாவுக்குச் சீட்டு இல்லை. வெளியே படியில் உட்கார்ந்திருந்தாள். ஓடிப் போய்ச் சொன்னேன். “அல்ஹம்துலில்லாஹ்” என்று எழுந்தாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லிஃப்டுக்குப் போய்விட்டாள்.

13 ஆகஸ்ட், புதன்

சலேஹா இன்று போய்விட்டாள். புக்கிட் தெங்காவில் தொழிற்சாலை வாசல் பக்கம் அவள் அக்கா ஓர் இடம் பார்த்துக் கொடுத்திருக்கிறாளாம். வீடும் அங்கேயே.

“அதான் இருக்கலாம்னு முடிவாச்சே, ஏன் போறே?” என்று கேட்டேன்.

“இருக்கச் சொன்ன இருபத்து மூணு பேரு யாருன்னு எனக்குத் தெரியாதுக்கா. அந்த முப்பத்தொரு பேரோட பேரு ஃபோன்ல அப்படியே இருக்கு. தெனம் காலையில அவங்க மூஞ்சியப் பாத்துத் தேத்தண்ணி ஆத்தணும். முடியல லா.”

“நான் சீட்டுல இருக்கட்டும்னுதான் எழுதினேன், சலேஹா.”

கரண்டிகளைச் சாக்கில் போட்டுக் கட்டினாள்.

“இருக்கும்க்கா” என்றாள்.

அடுப்பை வேனில் ஏற்றும்போது ஒரு பக்கம் நான் பிடித்துக்கொண்டேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.