இரைச்சல் அடங்க வைத்த பூசை

என் இடுப்பில் வளர்ந்த தம்பி சூசைக்கு,

இன்று காலை எழுந்ததும் வழக்கம்போல முழந்தாளிட்டுப் பரலோக மந்திரம் சொன்னேன். தீமை செய்தவர்களைப் பொறுப்பது பற்றிய வரி வந்ததும் வாய் நின்றுவிட்டது. அந்த ஒரு வரியைத் தாண்டி, மிச்சத்தைச் சொல்லி முடித்துச் சிலுவை போட்டுக்கொண்டேன். அம்மா பக்கத்தில்தான் இருந்தாள், கவனிக்கவில்லை. நீ இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பாய்.

என்னை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர் உன் பேண்டு மாஸ்டர் இன்னாசிதான். போன ஞாயிறு கோயிலில் சாமியார் உன் பெயரைப் படித்தார். உன் ஆத்தும இளைப்பாற்றிக்காக இன்னாசி மாஸ்டர் ஒப்புக்கொடுக்கும் பூசை என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை காலம் கழித்து அந்த மனிதருக்கு உறுத்தியிருக்கிறதே என்று நினைத்தேன். அம்மா முக்காட்டுக்குள் தேம்பினாள். வெளியே வந்ததும் அவரைத் தேடிப்போய்த் தோத்திரம் சொன்னாள். நானும் சொன்னேன் சூசை. அதை நினைத்தால் இப்போது நாக்கு கூசுகிறது.

நேற்று சாயங்காலம் வாழைப்பழச் சீப்போடு அவரே வீட்டுக்கு வந்தார். வெகுநேரம் அம்மாவின் முட்டிவலியை விசாரித்தார். அம்மா காபி போட உள்ளே போனதும் நாற்காலியை என் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"டீச்சரம்மா, பூசையும் வச்சாச்சி. அப்பவும் வுடமாட்றான்."

யார் என்று கேட்டேன்.

"இன்னா டீச்சரம்மா, தெரியாத மாதிரி கேக்கற. உன் தம்பிதான். கித்தாருக்குள்ள குந்திகினு கொய்ங்குனு கத்திகினே கீறான்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்தப் பூசை உன் ஆத்துமத்துக்காக அல்ல; கித்தாரின் இரைச்சலுக்காக. மின்சார வயரை மாற்றிப் பார்த்தாராம். ஒலிபெருக்கிப் பெட்டியைப் பிரித்துப் பூட்டினாராம். துறைமுகத்துப் பட்டறை ஆளைக் கூட்டிவந்து காட்டினாராம். தீர்த்தம் தெளித்தாராம். மின்சாரப் பெட்டியில் தீர்த்தம்! ஒன்றும் நடக்காமல் கடைசியாக உனக்கு ஒரு பூசை. மூட்டைப்பூச்சிக்கு மருந்து வைப்பதுபோல.

உனக்குத் தெரிந்த கதையைத்தான் மறுபடி சொல்கிறேன், சூசை. ஒருமுறையாவது அதை வரிசையாகச் சொல்லிப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது.

கப்பலில் பட்லராயிருந்த மாமா கொண்டுவந்து கொடுத்த மின்சாரக் கித்தார் அது. மடியில் கிடத்தி, இரும்புத் துண்டால் கம்பியைத் தேய்த்து வாசிப்பாய். ராயபுரத்தில் அதற்குமுன் யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஸ்டேஷனுக்குப் பின்னாலிருக்கும் ஹாலில் உங்கள் பேண்டுக்கு மாதாமாதம் நடன இரவு. ஒத்திகையில் தேனாக வரும் வாத்தியம், நடன இரவில் மட்டும் அடிவயிற்றிலிருந்து ரீங்கரிக்கும். நீ வாசிப்பதை நிறுத்தினாலும் அது நிற்காது.

நாம் இரண்டு பேரும் ஒரு ஞாயிறு மத்தியானம் ஹாலுக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? வாட்ச்மேன் தாத்தா முணுமுணுத்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார். கித்தார் வயரைப் பிடுங்கிப் பார்த்தோம். திரும்பச் சொருகிப் பார்த்தோம். கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாய். ஹாலின் விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டோம். ஒலிபெருக்கிப் பெட்டி பேசாமல் இருந்தது. நான் கல்லூரியில் படித்த பௌதிகம் ஒன்றும் உதவவில்லை. நடன இரவன்று இருந்து இன்றைக்கு இல்லாதது என்னடா என்று மட்டும் கேட்டேன். நீ மேலே பார்த்தாய்.

ஹாலுக்குப் பொறுப்பான ரயில்வே துரை நடன இரவில் வந்து உட்காரும் நாற்காலிக்கு மேலே மட்டும் ஒரு விசிறி. துரை வந்தால்தான் அதைப் போடுவார்கள். நீ ஓடிப்போய் விசையை அழுத்தினாய். இறக்கை அசையத் தொடங்கியதுமே பெட்டி கொய்ங் என்றது. விசிறிக்குள்ளே நீலமாகப் பொறி தெறிப்பது கீழிருந்தே தெரிந்தது. "நிறுத்து தம்பி, அது தொரைக்குப் போடுற பேனு, என் வேலைக்கு ஒல வச்சிடாத" என்று தாத்தா பதறினார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். விசிறிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் இரைச்சல் பாதியாகக் குறைவதையும் அன்றே கண்டுபிடித்தாய்.

மறுநாளே மாஸ்டரிடம் போய்ச் சொன்னாய். அவர் சொன்ன பதிலை வீட்டுக்கு வந்து அவர் குரலிலேயே நடித்துக் காட்டினாய்: "தொரைக்கு முதுகக் காட்டுவியா? இல்ல, தொரைய வேர்க்க வுடுவியா? உன் கை நடுங்குது, அத்த சொல்லுடா."

அடுத்த நடன இரவில் விசிறி சுற்றியது. கித்தார் ரீங்கரித்தது. துரை காதைப் பொத்திக்கொண்டார். மாஸ்டர் பாட்டைப் பாதியில் நிறுத்தினார். பையன் குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி, உன்னை மேடையிலிருந்து இறக்கினார். ஹால் சிரித்தது. உன்னோடு வாசித்தவர்களும் சிரித்தார்கள். பண்டிகையில் திராட்சை ரசம் கொடுத்தால்கூட முகத்தைச் சுளிப்பவன் நீ.

அன்றைக்கு வைத்த பெயர்தான் வண்டு. வண்டு சூசை. குழாயடியில் நான் வண்டு அக்கா. விசிறிதான் காரணம் என்று நான் விளக்கியபோது குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே சிரித்தார்கள். மேலே சுத்துற பேனுக்கும் கீழே கத்துற கித்தாருக்கும் இன்னா உறவு, சம்பந்தியா என்றாள் ஒருத்தி. நிரூபிக்கலாம் என்றால் அந்த விசிறியே பழுதாகிக் கழற்றப்பட்டுவிட்டது. அந்த மழைக்காலத்திலேயே நீயும் போய்விட்டாய்.

விஷக்காய்ச்சல்தான் உன்னைக் கொண்டுபோனது. அந்தப் பழியை மாஸ்டர் மேல் போட மாட்டேன். அவ்வளவு நியாயம் எனக்குத் தெரியும். ஆனால் உன் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவன், வண்டு கனமில்லாமல்தான் கீறான் என்றான். அது என் காதில் விழுந்தது. அதற்கு யார் பொறுப்பு?

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் மாஸ்டர் வந்து கித்தாரைக் கேட்டார். இங்கே யார் வாசிக்கப் போகிறார்கள் என்று அம்மா கொடுத்துவிட்டாள். அவர் வாசித்தார். விசிறிதான் இல்லையே, இரைச்சலும் வரவில்லை. பாத்தியா, கை சுத்தமா இருந்தா வாத்தியமும் சுத்தம் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டார். உன் பெயருக்கு அன்றைக்குத்தான் மண் போட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இப்போது புதுத் துரை வந்திருக்கிறார். அதே பழைய விசிறியைச் சரிபார்த்து மாட்டியிருக்கிறார்கள்.

நேற்று மாஸ்டர் சொன்னதைக் கேள்: "ஒத்திகைல கம்முனு கீறான் டீச்சரம்மா. தொரை வந்து குந்துனா போதும், ஆரம்பிச்சிட்றான். நாலு பேரு முன்னாடி என்னிய அசிங்கப்படுத்தணும்னே வர்றான்."

விடையைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன், சூசை. இந்த இரைச்சலைப் பற்றிச் சூசை உங்களிடம் ஒரு விஷயம் சொன்னானே மாஸ்டர், ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். அது ஒன்று நினைவுக்கு வந்திருந்தால் போதும். அவன் சொன்னதைக் கேட்காமல் போனேன் என்று ஒரு வார்த்தை. அங்கேயே எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்திருப்பேன்.

"அவன் ஆயிரம் சொல்வான். வாய்தான் அவனுக்கு" என்றார்.

அப்புறம் கேட்க வந்ததைக் கேட்டார். வரும் சனிக்கிழமை நடன இரவு. அன்றும் இரைச்சல் வந்தால் ஹாலைப் பெரம்பூர் பேண்டுக்குக் கொடுத்துவிடுவதாகத் துரை சொல்லியிருக்கிறாராம். நான் உன் கல்லறைக்குப் போய், அன்று ஒரு நாள் மட்டும் வாயை மூடிக்கொண்டிருக்கும்படி உன்னிடம் கெஞ்ச வேண்டுமாம். "நீ சொன்னா கேப்பான்."

சொல்லிப் பார்க்கிறேன் என்றேன். அம்மா கொண்டுவந்த காபியைக் குடித்துவிட்டு, நிம்மதியாகப் போனார். முதுகு மறையும்வரை வாசலில் நின்று பார்த்தேன். அப்போது எனக்கு வந்த சந்தோஷம் நல்ல சந்தோஷம் இல்லை. தெரிந்துதான் அதை அனுபவித்தேன்.

இரவெல்லாம் யோசித்தேன். பேண்டில் மற்ற ஐந்து பேருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. ஹால் போய்விட்டால் அவர்கள் வீட்டில் உலை கொதிப்பது கஷ்டம். அவர்களும்தான் சிரித்தார்கள் என்று ஒரு மனம் சொல்கிறது. சிரித்ததற்கு அவ்வளவு பெரிய தண்டனையா என்று இன்னொன்று கேட்கிறது. மாஸ்டர் விஷயத்தில் மட்டும் இரண்டு மனமும் ஒன்றாக இருக்கின்றன. தனியாக அவரிடம் சொன்னால் என்ன ஆகும்? யாருக்கும் தெரியாமல் விசிறியை நிறுத்த வழி செய்துகொள்வார். தன் கைராசி என்பார். நீ வண்டாகவே இருப்பாய். நான் போன பிறகும் இந்தத் தெருவில் நீ வண்டுதான்.

ஆகையால் நான் கல்லறைக்கு வந்து உன்னிடம் எதுவும் கெஞ்சப் போவதில்லை. அம்மாவிடமும் இதைச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரீகளிடம் எப்படிச் சொல்ல முடியும்? வேலை போனாலும் போகும். உனக்கு மட்டும் வாக்குக் கொடுக்கிறேன்.

சனிக்கிழமை ஹாலுக்குப் போவேன். முதல் பாட்டு முழுவதையும் ரீங்கரிக்க விடுவேன். மாஸ்டர் வயரை ஆட்டட்டும், பெட்டியைத் தட்டட்டும், அண்ணாந்து பார்த்து உன்னைத் திட்டட்டும். நாலு பேர் சிரிக்கட்டும். அந்தச் சிரிப்பு எப்படி இருக்கிறது என்று அவர் காதாலேயே கேட்கட்டும். இரண்டாவது பாட்டு தொடங்கியதும் எழுந்து, எல்லோரும் பார்க்க நடந்துபோய், துரை தலைக்கு மேலே சுற்றும் விசிறியை நிறுத்துவேன். இறக்கைகள் ஓய்வதற்குள்ளேயே இரைச்சல் செத்துவிடும். அந்த மௌனத்தில் உன் பெயரைச் சொல்லி, காரணத்தையும் சொல்வேன். முதலில் நம் ஆட்களுக்குத் தமிழில். துரைக்கு இங்கிலீஷில் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். அதுவரைக்கும் அவர் வேர்த்துக்கொண்டு இருக்கட்டும்.

உன்னைத் தூக்கி வளர்த்த அக்கா,
ஞானம்மாள்