அப்பா ஒப்பித்த வாய்ப்பாடு

தீபிகா,

நான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். ஹாட்பாக்ஸில் இட்லி இருக்கிறது. சித்தப்பா வந்ததும் கடைச் சாவியைக் கொடுத்துவிட்டு ஸ்கூலுக்குக் கிளம்பு. “கடையில உக்கார எதுக்கும்மா படிப்பு” என்று நேற்று ராத்திரி கேட்டாய். எரிச்சலில் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவுக்கு என் பெயர்கூட வாயில் வரவில்லை. நேற்று மதியம் நர்ஸம்மா, “ஓரெண்டு ரெண்டு” என்று எடுத்துக் கொடுத்தார். அப்பா சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் சொன்ன அதே ராகத்தில், பதினாறாம் வாய்ப்பாடு வரை ஒப்பித்தார். முடிந்ததும் பழையபடி பேச்சில்லை.

சாயங்காலம் நேராக ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு வந்துவிடு. அவரோடு சேர்ந்து சொல்ல ஆள் வேண்டும்.

அம்மா

பி.கு.: நேற்று நானும் கூடவே சொல்லிப் பார்த்தேன். ஐந்தாம் வாய்ப்பாட்டோடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதற்கு மேல் அவர் தனியாகத்தான் போனார்.